மேடையில் சொன்ன பதினாறு

2024-ஆம் வருஷ தீபாவளிக்கு நான் சிதம்பரம் போயிருந்தேன். சின்ன அண்ணன் மகளுக்குத் தலை தீபாவளி. ஆவணியில்தான் கல்யாணம் ஆன பெண். கடலூரிலிருந்து முதல் நாளே பஸ் பிடித்துப் போய், அண்ணியோடு உட்கார்ந்து அதிரசம் தட்டி, லேகியம் கிளறி... வீடு கலகலவென்று இருந்தது.

விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் புதுத்துணி உடுத்திப் பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். எங்கள் பெரியண்ணன் விபூதி பூசி, "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்" என்று வாழ்த்தினார். அதோடு விட்டிருந்தால் சரி. "பாப்பா, இது பழைய பதினாறு இல்லே! முதலமைச்சரே மேடையில சொல்லிட்டார். பதினாறு பிள்ளைங்க! சீக்கிரம் கணக்கை ஆரம்பி" என்றாரே பார்க்கணும். கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் நானும்தான் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்புறம் போனால், துவைக்கிற கல் மேல் புதுப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறாள். கண் கலங்கியிருந்தது.

"என்னடி கண்ணு?"

"அத்தை... எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. இருபது நாள் ஆச்சு. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை."

"நல்ல சமாசாரம்தானே?" என்று வாய் வரை வந்ததை நல்லவேளை அடக்கிக்கொண்டேன். அவளே சொன்னாள்: "வேண்டாம்னு நான் சொல்லலை அத்தை. வேணும்னும் இன்னும் எனக்குத் தெரியலை. பி.எட். முடிக்க ஒரு வருஷம் இருக்கு. யோசிக்க நாலு நாள் வேணும். அதுக்குள்ள பெரியப்பா பதினாறுங்கறார், எல்லாரும் சிரிக்கிறாங்க. இதுல என் பேச்சுக்கு எங்கே இடம்?"

சற்று முன் நான் சிரித்த சிரிப்பு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இன்னும் கொஞ்சம் விவரமாக உங்களுக்கும் எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு எப்படி வந்தது?

2024 அக்டோபர் 21-ஆம் தேதி சென்னையில் இந்து சமய அறநிலையத் துறை 31 ஜோடிகளுக்குக் கல்யாணம் நடத்தி வைத்தது. முதலமைச்சர் என்ற முறையில் மு.க.ஸ்டாலின் வாழ்த்திப் பேசினார். பழைய வாழ்த்தில் வரும் பதினாறு என்பது பிள்ளைகள் அல்ல, பதினாறு வகைச் செல்வம் என்று அவரே விளக்கினார். ஆனால் நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் என்ற நிலைமை வரும்போது, பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்று எண்ணத் தோன்றுகிறது என்ற அர்த்தத்திலும் பேசினார். விளக்கம் காற்றோடு போயிற்று. பதினாறு மட்டும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. அதே மாதம் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு, நிறையப் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். இரண்டுக்கு மேல் பெற்றவர்களே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரும் யோசனையையும் சொன்னார். டிசம்பர் முதல் தேதி நாகபுரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், ஒரு குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகளாவது வேண்டும் என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துக் கல்யாண மேடையில், முன்பெல்லாம் அவசரமில்லை என்று சொன்னேன், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன் என்று ஸ்டாலின் பேசினார். அதே மாதம் ஆந்திர எம்.பி. ஒருவர், மூன்றாவது பிள்ளை பெண்ணானால் 50,000 ரூபாய், ஆணானால் பசுமாடு என்று அறிவித்தார். கட்சி வேறு, கொடி வேறு. கேட்பது மட்டும் ஒரே இடத்தில், நம் வயிற்றிடம்!

அவர்கள் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற பங்கீடு 1971-ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கை வைத்து நிறுத்தி வைக்கப்பட்டது. அதன்படிதான் தமிழ்நாட்டுக்கு 39 இடம். நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்றார்கள். கேட்டு நடந்தோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 பிள்ளை. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். சொன்னபடி கேட்டதற்கு இடம் குறைவதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த வழக்கை டெல்லியில் பேசட்டும். கொல்லைப்புறத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஏன் பேசவேண்டும்?

வாய் தவறினால் பதவி போகிறது

மேடையில் பெண்களைப் பற்றிப் பேசி வம்பில் மாட்டியவர்கள் உண்டு. நம் பக்கத்து விழுப்புரத்துக்காரரான பொன்முடி, வனத்துறை அமைச்சராக இருந்தபோது பெண்களை இழிவுபடுத்தும் விதமாக ஒரு கதை சொன்னார். அவர் கட்சிப் பெண் தலைவர்களே கண்டித்தார்கள். 2025 ஏப்ரல் 11-ஆம் தேதி கட்சிப் பதவி போயிற்று. அதே மாதம் 27-ஆம் தேதி அமைச்சர் பதவியும் போயிற்று.

2023 நவம்பர் 7-ஆம் தேதி பீகார் சட்டசபையில் முதலமைச்சர் நிதிஷ்குமார், படித்த பெண் எப்படிப் பிள்ளைப் பேற்றைக் கட்டுப்படுத்துகிறாள் என்று படுக்கையறை விவரத்தோடு பேசினார். மறுநாளே மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. பெண் படித்தால் பிள்ளைகள் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் அந்த உண்மையைப் பேச ஆளில்லாமல் போய்விட்டது.

அமெரிக்காவில் டாட் ஏகின் என்பவர் 2012-இல் செனட் தேர்தலுக்கு நின்றார். கருக்கலைப்பே கூடாது என்பவர். பலாத்காரத்தால் கர்ப்பமான பெண்களின் கதி என்ன என்று கேட்டதற்கு, உண்மையான பலாத்காரமாக இருந்தால் பெண்ணின் உடம்பே கர்ப்பத்தைத் தடுத்துவிடும் என்றாரே! எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளாத பேச்சு. ஜெயிப்பார் என்று எதிர்பார்த்த தொகுதியில் தோற்றுப் போனார்.

இவர்களுக்கெல்லாம் பலன் கிடைத்தது, ஏனென்றால் காது கூசும்படி பேசினார்கள். ஆனால் சிரிப்பு வரும்படி பேசினால்? தலைவருக்கு ஒன்றும் ஆகாது. கைதட்டல்தான் கிடைக்கும். அதன் பலனை அனுபவிப்பது புதுசாகக் கல்யாணமான பெண். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு என்று ஆளுக்கு ஒரு தரம் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். அது எந்தப் பேப்பரிலும் வராது.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி

சவிதா ஹலப்பனவர் என்ற பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர், 31 வயது. புருஷனோடு அயர்லாந்தில் இருந்தார். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பம் தானாகவே கலைய ஆரம்பித்தது. பிள்ளை பிழைக்காது என்று டாக்டர்களுக்குத் தெரியும். கலைத்துவிடுங்கள் என்று சவிதா கேட்டார். குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறவரை அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். உடம்பு முழுதும் விஷக் கிருமி பரவி, அக்டோபர் 28-ஆம் தேதி இறந்து போனார்.

அந்தச் சாவு அயர்லாந்தை உலுக்கியது. 2018 மே 25-ஆம் தேதி சட்டத்தை மாற்றலாமா என்று மக்களிடம் ஓட்டு வாங்கினார்கள். நூற்றுக்கு 66 பேருக்கு மேல் மாற்று என்றார்கள்.

அயர்லாந்துப் பெண்களுக்கு 2018-இல் கிடைத்தது, நம் நாட்டில் 1971-லேயே சட்டமாகிவிட்டது. ஆமாம், அதே 1971. தொகுதிக் கணக்குக்கு அந்த வருஷத்தைச் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதே வருஷம் நமக்காக ஒரு சட்டம் வந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2008 வரை எனக்குத் தெரியாது. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

என் கதை

அப்போது எனக்கு 28 வயது. இரண்டாவது குழந்தை சிசேரியன். அவனுக்குப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. காப்பர்-டி போட்டிருந்தேன். அது எனக்குத் தெரியாமலே நழுவிப் போயிருக்கிறது. நாள் தள்ளிப் போய்ப் பரிசோதித்தால், ஆறாவது வாரம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு. எங்கள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். போன் போட்டு அழுதேன். "உன் உடம்பு உனக்குத்தானே தெரியும். எது சரியோ அதைச் செய்" என்றார். தங்கமான மனுஷர்.

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆரம்ப நாள்தான், மாத்திரையிலேயே முடித்துவிடலாம் என்றார். ஆனால் பணம் கட்டுகிற இடத்தில் ஒரு காகிதத்தை நீட்டி, "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்றார்கள்.

"அவர் வெளிநாட்டுல இருக்காருங்க."

"அப்போ மாமனாரைக் கூட்டிட்டு வாங்க."

மாமனாரிடம் எப்படிக் கேட்பது? கேட்டேன். "ஒரு உயிர் வேண்டாம்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் கேட்டிருக்கவே கூடாத கேள்வி அது.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்து ஊர் வர ஏழு வாரம் ஆயிற்று. பதின்மூன்றாவது வாரம்! அன்றைய சட்டப்படி பன்னிரண்டு வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரையோடு போயிருக்க வேண்டியது, ஆஸ்பத்திரியில் படுத்து, இரத்தப்போக்கு நிற்காமல், இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றி... குழந்தை தாய்ப்பாலுக்கு அழுதான். சிதம்பரத்திலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் என்னைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பதினெட்டு வயசு ஆன பொம்பளைக்கு அவ கையெழுத்து மட்டும் போதும்னு சட்டத்துலயே இருக்கே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.

யாருமே சொல்லவில்லை! சட்டம் வந்து 37 வருஷம் ஆகியும், அந்த ஒரு வரி என் காதுக்கு எட்டவில்லை. மேடையில் சொன்ன பதினாறு மட்டும் பத்தே நாளில் சிதம்பரத்தில் எங்கள் அண்ணன் வாய்க்கு வந்துவிட்டது.

மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

இந்தச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. நமக்கு வேண்டியதை எளிமையாகச் சொல்கிறேன்.

1. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன், மாமியார், தகப்பனார் யார் கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. பதினெட்டுக்குக் கீழே என்றாலும், மனநிலை சரியில்லாதவர் என்றாலும் காப்பாளர் எழுதித் தரவேண்டும்.

2. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். தாயின் உடம்புக்கோ மனதுக்கோ கெடுதல், பிள்ளைக்குக் கடுமையான ஊனம், பலாத்காரம், கருத்தடை முறை பலிக்காமல் போனது ஆகியவை சட்டம் ஏற்கும் காரணங்கள். காரணத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவர் டாக்டர்.

3. இருபதிலிருந்து இருபத்து நாலு வாரம் வரை சில பெண்களுக்கு மட்டும் இடமுண்டு. பலாத்காரத்துக்கு ஆளானவர், பதினெட்டு வயது ஆகாதவர், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர் அல்லது விவாகரத்து ஆனவர், உடல் ஊனமுற்றவர் போன்றவர்கள். இதற்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் வேண்டும்.

4. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வீட்டாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

5. உங்கள் பெயரையும் விவரத்தையும் ஆஸ்பத்திரி வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு.

உடம்பு விஷயத்திலும் ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் நாமாக மாத்திரை வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில், டாக்டர் பார்த்த பிறகுதான் எதுவும். அதற்குப் பிறகு மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம் மாவட்டத்துக்கு ஒரு தலைகுனிவு

"அப்படியானால் பொண்ணுன்னு தெரிஞ்சு கலைக்கிறதும் சரியா?" என்று சிலர் கேட்பீர்கள். அது குற்றம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்வதையும் கேட்பதையும் 1994-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், நம் கடலூர் மாவட்டத்தில் 1000 ஆணுக்கு 896 பெண்தான். பத்து வருஷம் முன்பு 957 இருந்தது. தமிழ்நாடு முழுதுக்குமான கணக்கு 943. வெட்கமாக இல்லையா நமக்கு?

இதிலும் ஒரு பேச்சு வந்தது. 2016 பிப்ரவரியில் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, ஸ்கேனில் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துப் பதிவு செய்து, கர்ப்பத்தைக் கண்காணிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியதும், அரசின் திட்டமில்லை, ஒரு யோசனைதான் என்று விளக்கம் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் வயிற்றில் பெண் என்று தெரிந்த பிறகு அந்தத் தாய் வீட்டில் என்ன பாடுபடுவாள் என்று ஒரு நாள் நம் பக்கம் வந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

பதினாறு பெறு என்பதும், பெண்ணென்றால் கலை என்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம்

இலை போட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியண்ணன் மறுபடியும் பதினாறை எடுத்தார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு ரெண்டு. சின்ன அண்ணனுக்கு ரெண்டு. பதினாறு இந்த ஒரு பொண்ணுக்கு மட்டும்தானா? படிப்பு, உடம்பு எல்லாம் அவளுடையது. அவளும் மாப்பிள்ளையும் பேசி முடிவு பண்ணட்டும்" என்றேன், சாம்பார் ஊற்றிக்கொண்டே. பெரிய அண்ணி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் தமாஷுக்குச் சொன்னேம்மா" என்றார். தமாஷுக்குத்தான். எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் தன் புருஷனிடம் தானே சொன்னாள். திங்கட்கிழமை மூன்று பேருமாக ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். உள்ளே அவர்கள் இருவரும் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்ன முடிவு செய்தாள் என்று கேட்கிறீர்களா? அதை நான் எழுதமாட்டேன். அது அவளுடைய விஷயம். கட்சித் தலைவருக்கும் தெரிய வேண்டாம், நமக்கும் தெரிய வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சகோதரிகளே. அடுத்த கல்யாணத்தில், அடுத்த வளைகாப்பில், யாராவது மேடைப் பேச்சைக் கொண்டுவந்து ஒரு சின்னப் பெண்ணின் மடியில் போட்டால், நீங்கள் சிரிக்காதீர்கள். கையெழுத்து அவளுடையது மட்டும் போதும் என்பதை அவள் காதில் சொல்லிவிடுங்கள்.